சையத் மசூத்: தொலைக்காட்சியின் ஒரு தன்பாலீர்ப்பு முஸ்லிம் பாத்திரமும் அதை நடித்தவரும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிபிசியின் ‘ஈஸ்ட்எண்டர்ஸ்’ நெடுந்தொடரில் 2009 முதல் 2012 வரை மார்க் எலியட் என்ற நடிகர் சையத் மசூத் என்ற பாத்திரத்தில் நடித்தார். தொழுகையையும் நோன்பையும் விடாத முஸ்லிம் இளைஞன், இன்னொரு ஆண்மீது காதல் கொள்கிறான். தொலைக்காட்சியில் தன்பாலீர்ப்பு முஸ்லிம்கள் எப்படிக் காட்டப்படுகிறார்கள் என்ற பேச்சு வந்தால் இந்தப் பெயர் வராமல் இருப்பதில்லை. அதையொட்டி எழும் கேள்விகளுக்கு இங்கே விடை சொல்ல முயன்றிருக்கிறேன். சிலவற்றுக்கு ஒரு வரி போதும், சிலவற்றுக்குப் போதாது.

ஈஸ்ட்எண்டர்ஸ் என்ன மாதிரியான தொடர்?

1985 பிப்ரவரி 19 அன்று தொடங்கி இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கும் தொடர். கிழக்கு லண்டனில் வால்ஃபோர்டு என்று ஒரு கற்பனைப் பகுதி. அதற்குள் ஆல்பர்ட் சதுக்கம், ஒரு மதுக்கூடம், ஒரு சந்தை, ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள். படப்பிடிப்பு லண்டனுக்கு வடக்கே போரம்வுட்டில் உள்ள எல்ஸ்ட்ரீ வளாகத்தில் நடக்கிறது. நாம் பேசும் ஆண்டுகளில் வாரத்துக்கு நான்கு நாள், நாளுக்கு அரை மணி நேரம் ஒளிபரப்பானது. 2010இல் 25ஆம் ஆண்டு நிறைவுக்காக நேரலையாக நடித்துக் காட்டிய அத்தியாயத்தை உச்ச நேரத்தில் 1.6 கோடிக்கும் அதிகமானோர் பார்த்தார்கள்.

இந்தக் கூட்டம் யார் என்பதைக் கவனிக்க வேண்டும். திரைப்பட விழாவுக்கு டிக்கெட் வாங்கிப் போகிறவருக்கு எந்த மாதிரிப் படம் பார்க்கப்போகிறோம் என்று தெரியும். மாலையில் பாட்டி, பேரன், விருந்தாளி எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும் கூடத்துக்குள் சையத் யாரையும் கேட்காமல் நுழைந்தான்.

கதையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

மசூத் குடும்பம் 2007இல் தொடருக்குள் வந்தது. அஞ்சல்காரர் மசூத் அகமது (நிதின் கணத்ரா), அவர் மனைவி ஜைனப் (நீனா வாடியா), மகள் ஷப்னம், கூச்ச சுபாவமுள்ள இளைய மகன் தம்வர். தம்வராக நடித்த ஹிமேஷ் படேல் பின்னாளில் பெரிய திரைப்படங்களில் கதாநாயகனானார். மூத்த மகன் சையத் குடும்பத்தோடு பிணங்கிப் பிரிந்திருந்தவன். 2009 ஏப்ரலில் வீடு திரும்புகிறான். ஜைனப் நடத்தும் சமையல் ஒப்பந்தத் தொழிலில் கிறிஸ்டியன் கிளார்க் (ஜான் பார்ட்ரிட்ஜ்) வேலை பார்க்கிறான். இவன் தன்பாலீர்ப்பை மறைக்காதவன், யாருக்கும் அஞ்சாதவன். இருவருக்கும் இடையே முளைத்த பகை ஜூன் மாதத்தில் முத்தமாகிறது.

சையதுக்கு அமீரா (ப்ரியா காளிதாஸ்) என்ற பெண்ணோடு திருமணம் பேசி முடிக்கப்படுகிறது. 2010 ஜனவரி 1 அன்று ஒளிபரப்பான அத்தியாயத்தில் நிக்காஹ் நடந்தும் விடுகிறது. உண்மை தெரிந்த தாய் அதை மூடி மறைக்கிறாள். மாதக்கணக்கில் நீடித்த பொய், பின்பு உடைகிறது. கருவுற்ற நிலையில் அமீரா ஊரைவிட்டுப் போகிறாள். பெற்றோர் மகனை ஒதுக்கிவைக்கிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாக, ஒருவர் பின் ஒருவராக, அவர்கள் மனம் இளகுகிறது. 2012 நவம்பரில் சையத், கிறிஸ்டியன், சையதின் மகள் யாஸ்மின் மூவரும் வால்ஃபோர்டை விட்டுக் கிளம்புகிறார்கள்.

இதற்கு முன் இப்படி யாருமே வந்ததில்லையா?

பிரிட்டிஷ் நெடுந்தொடர்களில் முதல் தன்பாலீர்ப்பு முஸ்லிம் என்றுதான் அன்றைய பத்திரிகைகள் சையதைப் பற்றி எழுதின. ஆனால் வழி ஏற்கெனவே கொஞ்சம் வெட்டப்பட்டிருந்தது. 1985இல் சேனல் 4 தயாரிப்பில் வந்த ‘மை பியூட்டிஃபுல் லாண்ட்ரெட்’ படத்தில் பாகிஸ்தானியக் குடும்பத்து இளைஞன் உமர், வெள்ளைக்காரத் தோழன் ஜானியைக் காதலித்தான். அது தொலைக்காட்சிக்காகவே எடுக்கத் தொடங்கிய படம். அந்தப் படத்தில் உமரின் இனமும் வர்க்கமும் பேசப்பட்ட அளவுக்கு மதம் பேசப்படவில்லை. தலைப்பில் சொன்ன சலவைக்கடை இருந்தது, தொழுகை விரிப்பு இல்லை.

ஈஸ்ட்எண்டர்ஸுக்கே ஒரு முன்கதை உண்டு. 1987இல் மைக்கேல் கேஷ்மன் நடித்த காலின், தன் காதலன் பாரியின் நெற்றியில் முத்தமிட்டான். நெற்றியில்தான். அதற்கே சில பத்திரிகைகள் குதித்தன. 1989இல் உதட்டு முத்தம் வந்தபோது நாடே பேசியது. அந்த இரண்டு முத்தங்களுக்கும் நடுவேதான், 1988இல், தன்பாலீர்ப்பை உள்ளாட்சி அமைப்புகள் ‘ஊக்குவிக்க’க் கூடாது என்ற 28ஆம் பிரிவு சட்டமாயிற்று. கேஷ்மன் நடிப்போடு நிற்கவில்லை. அந்தச் சட்டத்தை எதிர்த்து 1989இல் தன்பாலீர்ப்பாளர் உரிமைக்கான ஸ்டோன்வால் அமைப்பைத் தோற்றுவித்தவர்களில் அவரும் ஒருவர். பின்னாளில் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கும் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபைக்கும் போனார். ஒரு தொடர் நடிகரால் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு சையதுக்கு இருபது ஆண்டு முன்பே அதே தொடரில் ஓர் எடுத்துக்காட்டு இருந்தது.

சொற்கள் எழுத்தாளருடையவை, முடிவுகள் தயாரிப்பாளருடையவை. நடிகர் என்ன பெரிதாகச் செய்துவிட்டார்?

நியாயமான கேள்வி. சையதை உருவாக்கியதில் அப்போதைய நிர்வாகத் தயாரிப்பாளர் டீட்ரிக் சாண்டருக்கும் கதைக்குழுவுக்கும் உரிய பங்கைக் குறைக்க முடியாது. மார்க் எலியட் இந்தக் கதையை வகுத்தவர் அல்லர். ஆனாலும் நெடுந்தொடர் எப்படி இயங்குகிறது என்று பார்த்தால் நடிகரின் பங்கு எங்கே இருக்கிறது என்று தெரியும்.

வேகமாக எடுக்கப்படும் தொடர் அது. காட்சிகள் வரிசை மாறி எடுக்கப்படும். ஒத்திகைக்குக் கிடைக்கும் நேரம் சொற்பம். எழுத்தாளர்கள் அத்தியாயத்துக்கு அத்தியாயம் மாறுவார்கள், இயக்குநர்களும் மாறுவார்கள். மாறாமல் இருப்பது அந்தப் பாத்திரத்தைச் சுமக்கும் உடல் ஒன்றுதான். சையத் யார், எதற்கு அஞ்சுகிறான், எங்கே வளைவான், எங்கே வளையமாட்டான் என்பதையெல்லாம் மூன்றரை ஆண்டு ஞாபகம் வைத்திருக்க வேண்டியவர் நடிகர்.

ஒவ்வோர் அத்தியாயமும் எப்படி முடிகிறது என்பதையும் பாருங்கள். தொடரைப் பார்த்தவர்களுக்கு அந்த முரசொலி தெரியும். யாரோ ஒருவர் முகத்தைக் கேமரா நெருங்கும், வசனம் நின்றுவிடும், இரண்டு மூன்று விநாடி அமைதிக்குப் பிறகு ‘டூஃப் டூஃப்’ என்று முரசு விழும். அந்த இரண்டு மூன்று விநாடிகளுக்கு எழுத்தாளர் எழுதித்தர எதுவும் இல்லை. கிறிஸ்டியன் கதவைச் சாத்திவிட்டுப் போனபிறகு, அமீரா கல்யாண உடையைப் பற்றி ஆசையாகப் பேசிக்கொண்டிருக்கும்போது, சையதின் முகத்தில் என்ன இருக்க வேண்டும்? அருவருப்பு இருந்தால் கதையே அமீராவுக்கு எதிராகத் திரும்பிவிடும். ஏக்கம் மட்டும் இருந்தால் அவன் வெறும் காதல் நாயகன். எலியட் பெரும்பாலும் அங்கே ஒரு வெட்கத்தை வைத்தார். நல்ல பிள்ளையாக இருக்க உண்மையிலேயே விரும்பும் ஒருவனின் வெட்கம் அது. தாயை ஏமாற்றுகிறோம், மனைவியாகப் போகிறவளை ஏமாற்றுகிறோம், கடவுளிடம் மறைக்க முடியாததை மறைக்கப் பார்க்கிறோம் என்று அந்த முகம் சொன்னது.

என் கணிப்பில் அவருடைய பெரிய பங்களிப்பு இதுதான்: மதத்தை அவர் வேடிக்கையாகவோ விலங்காகவோ நடிக்கவில்லை. சையதின் இறைநம்பிக்கையை அவன் காதலுக்கு இணையான ஆசையாகவே நடித்தார். ‘மதத்தை உதறிவிட்டு வா, உனக்கு விடுதலை’ என்று கிறிஸ்டியன் சொல்லும்போதெல்லாம் சையத் சுருங்கிப் போனான். பல தொடர்கள் இந்த இடத்தில் கிறிஸ்டியன் பக்கம் சாய்ந்துவிடும். இந்தத் தொடர் சாயாமல் இருந்ததற்கு சையத் சுருங்கிய விதம் ஒரு காரணம்.

ஜைனப்பை ஏன் எல்லோரும் திட்டினார்கள்?

தன் மகனின் வாழ்வைவிட ஊர்ப்பேச்சைப் பெரிதாக நினைத்தாள் என்பதற்காக. திட்டியவர்களிடம் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. நீனா வாடியாவின் நடிப்பு இல்லாமல் மார்க் எலியட்டின் நடிப்பு இவ்வளவு தைத்திருக்குமா?

வாடியா நகைச்சுவை வழி வந்தவர். ஜைனப்பும் முதலில் வாய்த்துடுக்குள்ள, சிரிக்கவைக்கும் தாயாகத்தான் வந்தாள். மகனைப் பற்றிய உண்மை தெரிந்தபிறகு அதே வாய்த்துடுக்கு கத்தியாகிறது. அவள் கத்தி ஆர்ப்பாட்டம் செய்கிற காட்சிகளைவிட, எதுவும் நடக்காததுபோல் விருந்தினருக்குத் தேநீர் ஊற்றுகிற காட்சிகள் பயங்கரமானவை. நம் வீடுகளிலும் பார்த்திருக்கிறோம்: வீட்டுக்குள் இடி விழுந்திருக்கும், வாசலில் ‘வாங்க, வாங்க’ என்று சிரித்த முகம் இருக்கும்.

அவளுக்கு மகன்மீது பாசம் இல்லாமலில்லை. பாசம் இருப்பதால்தான் அவளால் அவனை விடவும் முடியவில்லை, ஏற்கவும் முடியவில்லை. கணவன் மசூத் அவளுக்கு முன்பே இளகினார். அவர் இளகியதும் அவள் தனித்துப் போனாள். தாய்மார்களை வில்லிகளாக்குவதில் தேர்ந்த நெடுந்தொடர் மரபில் இது அபூர்வமான நிதானம்.

அமீரா?

இந்தக் கதையில் அதிகம் இழந்தவள் அமீராதான். அவளுக்காகக் கேள்வி கேட்டவர்கள்தான் குறைவு. ரசிகர்கள் ‘கிரையட்’ என்று சையத்–கிறிஸ்டியன் ஜோடிக்குச் செல்லப்பெயர் சூட்டிக் கொண்டாடிக்கொண்டிருந்த அதே வேளையில், யாரோ ஒருவரின் ரகசியத்துக்குத் திரையாக ஒரு பெண் கல்யாணம் செய்துவைக்கப்பட்டாள். தன்பாலீர்ப்பை மறைக்க நடக்கும் திருமணங்கள் கற்பனை அல்ல. தெற்காசியக் குடும்பங்கள் எல்லா மதத்திலும் இதைச் செய்கின்றன. தொடர் அமீராவைப் பேராசைக்காரியாக, வெகுளியாக ஆரம்பித்து, அவள் போகும்போது கொஞ்சம் கண்ணியம் கொடுத்து அனுப்பியது. போதவில்லை என்பது என் எண்ணம்.

இஸ்லாத்தை இழிவுபடுத்தியதாக எதிர்ப்பு வரவில்லையா?

வந்தது. பிபிசிக்குப் புகார்கள் போயின. முஸ்லிம்களைக் குறிவைத்து எடுத்த கதை என்றார்கள் சிலர். பிறர் கேட்டது வேறு: ஒரு முஸ்லிம் குடும்பத்தைக் காட்ட இத்தனை ஆண்டு எடுத்துக்கொண்டவர்கள், காட்டியதும் முதல் பெரிய கதையாக இதைத்தானா எடுக்க வேண்டும்? இரண்டாவது கேள்வியைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. மசூத் வீட்டில் அன்றாட மதவாழ்க்கை மெல்லியதாகவே இருந்தது. பள்ளிவாசலோ அதன் மனிதர்களோ கதைக்குத் தேவைப்படும்போது மட்டும் எட்டிப்பார்த்தார்கள். நெருக்கடி வந்தால் மட்டும் மதம் மேடையேறினால், மதமே நெருக்கடி என்றுதானே பார்வையாளர் முடிவுகட்டுவார்?

அன்றைய மனநிலைக்கு ஓர் அடையாளம் சொல்கிறேன். 2009 மே மாதம் கேலப் நிறுவனம் ஒரு கருத்துக்கணிப்பை வெளியிட்டது. அதில் பேட்டி காணப்பட்ட சுமார் 500 பிரிட்டிஷ் முஸ்லிம்களில் ஒருவர்கூடத் தன்பாலுறவு ஒழுக்கரீதியில் ஏற்கத்தக்கது என்று சொல்லவில்லை. அடுத்த மாதம் சையத்–கிறிஸ்டியன் முத்தம் ஒளிபரப்பானது. அந்தப் பூஜ்யத்தை நான் அப்படியே நம்புவதில்லை. தன்பாலீர்ப்புள்ள முஸ்லிம்களுக்கான இமான் என்ற குழு 1990களின் இறுதியிலிருந்தே லண்டனில் இயங்கிவந்தது. முன்பின் தெரியாத கருத்துக்கணிப்பாளரிடம் அவர்களில் எத்தனை பேர் வாய் திறந்திருப்பார்கள்?

மார்க்கம் என்ன சொல்கிறது?

இது ஃபத்வா பக்கம் அல்ல. பெரும்பான்மை மார்க்க அறிஞர்கள் தன்பாலுறவைத் தடைசெய்யப்பட்டதாகவே கருதுகிறார்கள். அந்தத் தடைக்குச் சான்றாகக் காட்டப்படும் லூத் நபியின் வரலாற்றை மறுவாசிப்பு செய்து வேறு முடிவுக்கு வரும் சிறுபான்மையினரும் உண்டு. தென்னாப்பிரிக்க இமாம் முஹ்சின் ஹென்ட்ரிக்ஸ் தன் தன்பாலீர்ப்பை வெளிப்படையாக அறிவித்துக்கொண்டே மார்க்கப் பணி செய்தவர். 2025 பிப்ரவரியில் சுட்டுக் கொல்லப்பட்டார். சையதின் முகத்தில் இருந்த அச்சம் கதைக்காகப் பூசிய சாயம் என்று யாராவது சொன்னால் இந்தச் செய்தியை நினைவுபடுத்தலாம்.

முஸ்லிம் தன்பாலீர்ப்பாளர் பாத்திரத்தை முஸ்லிம் தன்பாலீர்ப்பாளரே நடிக்க வேண்டாமா?

ஈஸ்ட்எண்டர்ஸில் அப்படி நடக்கவில்லை. வெளிப்படையான தன்பாலீர்ப்பாளர் ஜான் பார்ட்ரிட்ஜ். அவர் நடித்ததோ வெள்ளைக்காரக் காதலனை. மசூத் குடும்பத்தினராக நடித்தவர்களிலோ பார்சிப் பின்னணியில் வந்தவரும் குஜராத்தி வம்சாவளியினரும் இருந்தார்கள். 2009இல் இதைப் பற்றிப் பெரிதாக யாரும் கேட்கவில்லை. இன்றைக்கு எடுத்தால் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

மறுமுனையில் நிற்பவர் ஹாஸ் ஸ்லைமான். லெபனானில் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த நடிகர். 2009 ஜூனில், ஆம், அதே மாதம், அமெரிக்காவின் ஷோடைம் அலைவரிசையில் ‘நர்ஸ் ஜாக்கி’ தொடங்கியது. அதில் தன்பாலீர்ப்பு முஸ்லிம் செவிலியர் மோ-மோவாக அவர் நடித்தார். வேடிக்கையான, அன்பான துணைப் பாத்திரம். முதல் பருவத்தோடு காணாமல் போய்விட்டது. 2017இல் தானும் தன்பாலீர்ப்பாளர் என்று ஸ்லைமான் காணொளி வெளியிட்டார். அதன்பிறகு அவருக்கு வந்த வேடங்களின் எடையே வேறு. 2020 ஜனவரியில் ஆப்பிள் டிவி பிளஸ்ஸில் வந்த ‘லிட்டில் அமெரிக்கா’ தொகுப்பின் ஓர் அத்தியாயத்தில் சிரியாவிலிருந்து குடும்ப வன்முறைக்குத் தப்பியோடி அமெரிக்காவில் புகலிடம் தேடும் ரஃபீக்காக நடித்தார். ‘பிரேக்கிங் ஃபாஸ்ட்’ படத்தில் நோன்பு மாதம் முழுக்க ஒரு வெள்ளைக்கார நண்பனோடு நோன்பு திறக்கும் மருத்துவர் மோ.

அனுபவம் உள்ளவர் நடித்தால்தான் உண்மை வரும் என்று சட்டம் போட எனக்கு விருப்பமில்லை. அது நடிப்பையே மறுப்பதாகும். ஆனால் அப்படிப்பட்ட நடிகர்களுக்கு வாசலே திறக்காத தொழிலில் ‘யார் வேண்டுமானாலும் நடிக்கலாம்’ என்பது ஒருபக்க நியாயம். மோ பாத்திரத்தில் ஸ்லைமான் நோன்பு திறக்கும் காட்சிகளில் ஓர் இயல்பு இருக்கிறது. பேரீச்சம்பழத்தைக் கையில் எடுப்பதற்கு அவர் பயிற்சி எடுத்ததாகத் தெரியவில்லை.

பெண்கள் கதை எங்கே?

பின்தங்கி வந்தது. தன்பாலீர்ப்பு முஸ்லிம் பெண்களின் கதையை 2017இல் மூன்று தொடர்கள் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் தொட்டன. ‘கொரோனேஷன் ஸ்ட்ரீட்’டில் பாவ்னா லிம்பாச்சியா நடித்த ரானா, சேனல் 4இன் ‘ஆக்லி பிரிட்ஜ்’ பள்ளித் தொடரில் நஸ்ரீன், அமெரிக்காவின் ‘தி போல்டு டைப்’பில் ஹிஜாப் அணிந்த புகைப்படக் கலைஞர் அதீனா. ரானாவை 2019இல், காதலி கேட்டைத் திருமணம் செய்யவிருந்த நாளிலேயே, தொழிற்சாலைக் கூரை இடிந்து விழவைத்துக் கொன்றார்கள். தன்பாலீர்ப்புப் பெண்களைக் கதையில் சாகடிக்கும் பழைய பழக்கம் என்று ரசிகர்கள் கொதித்தார்கள். கொதித்தது சரி.

இந்தியாவில் அப்போது என்ன நிலை?

அந்த முத்தம் ஒளிபரப்பான சில வாரங்களிலேயே, 2009 ஜூலை 2 அன்று, தில்லி உயர் நீதிமன்றம் தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவின் பகுதியைச் செல்லாது என்றது. 2013இல் உச்ச நீதிமன்றம் அதைத் திரும்பக் குற்றமாக்கி, 2018 செப்டம்பர் 6 அன்று மீண்டும் நீக்கியது. அந்தப் பிரிவே பிரிட்டன் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது. இலங்கையின் தண்டனைச் சட்டத்தில் உள்ள 365ஆம் பிரிவின் பூர்வீகமும் அதுதான்.

ஒரு தொடர் பாத்திரத்தால் யாருடைய வாழ்க்கையாவது மாறுமா?

சட்டத்தை மாற்றாது. அப்பாவின் மனத்தை ஒரே இரவில் மாற்றாது. ஆனால் பேச்சைத் தொடங்கிவைக்கும். சொந்தக் கதையைச் சொல்லத் துணியாதவன் சையதின் கதையைப் பற்றிக் கருத்துக் கேட்கலாம். தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டே அம்மா என்ன சொல்கிறாள் என்று கேட்டு, எவ்வளவு ஆபத்து என்று அளந்துகொள்ளலாம். திரைப்படம் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். வாரம் நான்கு நாள் வீதம் மூன்றரை ஆண்டு ஓடிய கதையில் அம்மாவுக்கும் கருத்தை மாற்றிக்கொள்ள அவகாசம் இருந்தது. ஜைனப்புக்கே அவ்வளவு காலம் பிடித்தது.

எதிலிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

சையதின் கதை நூற்றுக்கணக்கான அத்தியாயங்களில் சிதறிக் கிடக்கிறது. பழைய ஈஸ்ட்எண்டர்ஸைத் தேடிப்பிடிப்பதும் எளிதல்ல. நேரம் குறைவாக இருப்பவர்கள் ‘லிட்டில் அமெரிக்கா’ முதல் பருவத்தின் கடைசி அத்தியாயத்திலிருந்து தொடங்கலாம். அரை மணி நேரம்தான். சையதையே பார்க்க வேண்டும் என்றால் 2010 புத்தாண்டு நாள் அத்தியாயத்தைத் தேடுங்கள். மணமகனைப் பார்ப்பதோடு நிறுத்திவிடாமல், ஓரமாக நிற்கும் ஜைனப்பையும் கவனியுங்கள்.